பின் சில்லு அச்சு இறுகியபோது நான் செய்த பிழைகள்

2024 ஒக்டோபர் மாதம், தீபாவளிக்கு இரண்டு கிழமைகள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, முல்லைத்தீவிலுள்ள அலுவலகத்திலிருந்து கைவேலியிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியில், முள்ளிவாய்க்காலைத் தாண்டியதும் எனது மோட்டார் சைக்கிளின் பின் சில்லு காற்றுப் போயிற்று. மழை இருட்டிக்கொண்டு வந்ததால், நின்று நிதானிக்காமல், காற்றில்லாத சில்லுடனேயே சிறிது தூரம் தள்ளியும் சிறிது தூரம் மெதுவாக ஓட்டியும் ஒரு ரயர் கடையை அடைந்தேன். அங்கே நின்ற இளைஞர் வழமைபோலச் சில்லைக் கழற்றாமலே ரயரின் ஒரு விளிம்பை நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்துப் பார்த்தார். ஆணி குத்திய ஓட்டை சிறியதுதான். ஆனால் காற்றில்லாமல் நான் ஓட்டி வந்ததில் ரியூப் உள்ளே நழுவி, வால்வின் அடியில் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் ஒட்டுப் போட்டாலும் நிற்காது. புது ரியூப் போடுவதென்றால், அது மூடிய வளையம் என்பதால், அச்சை உருவிச் சில்லை வெளியே எடுத்தாக வேண்டும். "அஞ்சு நிமிச வேலை அண்ணை" என்றார் அவர். அந்த ஐந்து நிமிட வேலை அடுத்த புதன்கிழமை வரை நீண்டு, 22,900 ரூபாவையும் மூன்று நாள் லீவையும் கொண்டுபோனது. ஓட்டாமல் அங்கேயே நிறுத்தியிருந்தால் ஓர் ஒட்டோடு முடிந்திருக்கும் என்பதை இப்போதும் நினைக்கும்போது வயிறு எரிகிறது.

அச்சு ஏன் இறுகியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அறிகுறிகள் இரண்டு ஆண்டுகளாக என் கண் முன்னாலேயே இருந்தன. எனது வண்டி 100 சீசீ, பின் சில்லில் ட்ரம் பிறேக் உள்ள சாதாரண வண்டி. அதன் பின் அச்சு 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தண்டு. அது ஸ்விங் ஆர்ம் எனப்படும் பின் கவையின் ஒரு காலில் நுழைந்து, பிறேக் தட்டு, சில்லின் நடுவிலுள்ள குடத்துக்குள் இருக்கும் இரண்டு பெயாரிங்குகள், அந்தப் பெயாரிங்குகளுக்கு இடையில் நிற்கும் உருக்குக் குழாய், ஒரு பக்க வளையம் ஆகிய அனைத்தையும் ஊடுருவிச் சென்று, கவையின் மறுகாலில் நட்டால் இறுக்கப்படுகிறது. இவ்வளவு பொருட்களுக்குள் மயிரிழை இடைவெளியோடு செருகப்பட்டிருக்கும் தண்டில் கறள் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த மயிரிழை இடைவெளி நிரம்பியதும், தண்டும் பெயாரிங்கின் உள் வளையமும் ஒரே இரும்பாக வார்த்ததுபோல இறுகிவிடும்.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளத்தில் எனது வண்டி ஓர் இரவு முழுவதும் அச்சளவு தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்த பின் இயந்திர ஒயிலை மாற்றினேன், கார்பரேற்றரைக் கழுவினேன், சில்லுகளைத் தொடவில்லை. 2022 தொடக்கத்தில் பின் ரயர் மாற்றியபோது அச்சைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார்கள். அதே அச்சை ஒரு துணியால்கூடத் துடைக்காமல், கிறீஸும் பூசாமல் திரும்பச் செருகியதை நான் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஆண்டின் நடுப்பகுதியில் பெற்றோல் இல்லாமல் போய், பின்னர் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வந்த காலத்தில், நான் சைக்கிளில் ஓடித் திரிந்தேன், வண்டி மாதக்கணக்கில் மாமரத்தின் கீழ் நனைந்தும் காய்ந்தும் கிடந்தது. 2023 இல் முல்லைத்தீவுக்கு இடமாற்றம் கிடைத்த பிறகு நாளுக்கு இரண்டு தடவை வட்டுவாகல் பாலத்தைக் கடக்கத் தொடங்கினேன். மாரியில் நந்திக்கடல் களப்பு நிரம்பும்போது அந்தத் தாழ்ந்த பாலத்தின் மேலால் உப்புத் தண்ணீர் பாயும். காலை முன்னே நீட்டிக்கொண்டு அதற்குள்ளால் ஓடி வந்து, வீட்டில் வெளிச்சேற்றை மட்டும் கழுவிவிட்டு நிறுத்துவேன். அந்தக் காலத்து மாட்டுவண்டிக்காரர் அச்சுக்கு மசகு போடாமல் சந்தைக்குப் போனதில்லை. நானோ மாதாமாதம் செயினுக்கு ஒயில் விட்டதையே பெரிய பராமரிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரயர் கடைக்குத் திரும்புகிறேன். நட்டு ஸ்பனருக்கு அசையவில்லை. ஸ்பனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி, இளைஞர் தன் பாரம் முழுவதையும் கொடுத்தபோது ஒரு கீறல் சத்தத்துடன் விட்டது. அச்சு மட்டும் அசையவில்லை. அவர் நட்டை முழுவதுமாகக் கழற்றி எறிந்துவிட்டு, நட்டு ஏறும் புரி உள்ள வெறும் முனையில் சுத்தியலால் அடித்தார். பத்துப் பதினைந்து அடிகளில் அந்த முனை காளானின் குடைபோல விரிந்துவிட்டது. புரி நசுங்கிய அச்சில் நட்டு இனி ஏறாது என்பதையும், விரிந்த முனை 12 மில்லிமீற்றர் துளைக்குள்ளால் இனிப் போகாது என்பதையும் அந்த நேரத்தில் நானும் உணரவில்லை, அவரும் உணரவில்லை. அச்சைத் தட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், நட்டைத் திரும்ப ஏற்றி, நட்டின் முகமும் அச்சின் முனையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி வைத்து, இடையில் ஒரு பித்தளைத் துண்டையோ முதிரைக் கட்டையையோ பிடித்துத்தான் தட்ட வேண்டும். அடி நட்டுக்கும் அச்சுக்கும் பகிரப்படும், புரி தப்பும். இதைச் செய்யப் பத்து விநாடி கூடத் தேவையில்லை. அந்தப் பத்து விநாடியைச் செலவிடாததால்தான் அச்சைப் பின்னர் அறுத்து எறிய வேண்டி வந்தது.

இருட்டிவிட்டது. கடையைப் பூட்ட வேண்டும் என்று இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தெரிந்த ஒருவரின் லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் வண்டியை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அதற்கு 2,000 ரூபா. மறுநாள் சனிக்கிழமை காலையில், கடையில் 1,800 ரூபாவுக்கு ஒரு கறள் நீக்கும் ஸ்பிறே வாங்கி, அயல்வீட்டிலிருந்து நான்கு கிலோச் சம்மட்டியை இரவல் பெற்று, மாமரத்தின் கீழ் நானே வேலையைத் தொடங்கினேன். வெளியே நீண்டிருந்த அச்சின் இரு முனைகளிலும் ஸ்பிறேயை அரைப் போத்தலுக்கு மேல் அடித்தேன், கால் மணித்தியாலம் காத்திருந்தேன், அடித்தேன். திரும்ப ஸ்பிறே, திரும்பச் சம்மட்டி. மத்தியானத்துக்குள் இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்துவிட்டன. அச்சு ஒரு நூல் நகர்ந்ததுபோலத் தோன்றும், அளந்து பார்த்தால் நகர்ந்திருக்காது. ஏதோ ஓர் இரும்புத் துண்டு என்னை வேண்டுமென்றே அவமதிப்பதுபோன்ற ஒரு கோபம் ஏறியது, அந்தக் கோபத்தில் அடிகளும் பலத்தன. ஏறக்குறைய மூன்று மணியளவில் 'டங்' என்ற சத்தம் மாறி, ஓட்டைப் பானையில் தட்டுவதுபோன்ற ஒலி வந்தது. குனிந்து பார்த்தபோது அலுமினியத்தில் வார்த்த பிறேக் தட்டில், அச்சுத் துளையிலிருந்து விளிம்பு வரை ஒரு மெல்லிய கோடு ஓடியிருந்தது. நகத்தை வைத்தேன், நகம் இறங்கியது. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அந்த இடத்திலேயே இருந்தேன். அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழும்ப மனம் வரவில்லை.

அன்று நான் செய்தது ஏன் பலிக்காது என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. வண்டி ரயர்களிலும் ஸ்பிரிங்குகளிலும் நிற்கிறது, சம்மட்டி அடியின் பெரும்பகுதி அந்த ஆட்டத்திலேயே கரைந்துவிடும். மிஞ்சிய அடியும் அச்சை நகர்த்தாமல், அச்சோடு ஒட்டியிருந்த பெயாரிங்கையும் குடத்தையும் சேர்த்தே மறுபக்கம் தள்ளியது. அந்தப் பக்கத்தில் இருந்தது பிறேக் தட்டு, அதற்கு அப்பால் கவையின் கால். தட்டு வெடித்தது, கவை சிறிது விரிந்தது, பெயாரிங்கின் உருண்டைகள் தம் பள்ளங்களில் தழும்பு பதித்தன. அடிக்க வேண்டுமென்றால், அடி போய்ச் சேரும் பக்கத்துக் காலுக்கு அசையாத முட்டு ஒன்று கொடுத்திருக்க வேண்டும். ஸ்பிறேயின் கதையும் இதே மாதிரிதான். இறுகியிருந்தது குடத்தின் நடுவில், பெயாரிங்குகளுக்கு உள்ளே. நான் அடித்த ஸ்பிறேயோ கவையின் வெளிப்புறத்தை மட்டுமே நனைத்துவிட்டு, மீதி பிறேக் தட்டின் வழியே ட்ரம்முக்குள் இறங்கி, ட்ரம்மை அழுத்திப் பிடிக்கும் பிறேக் சூக்களை ஊறவைத்தது. ஒயில் குடித்த பிறேக் சூ பிறகு பிடிக்காது, அதையும் மாற்ற வேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் இல்லை. திங்கட்கிழமை காலை லீவுக்கு அறிவித்துவிட்டு, அருகிலுள்ள ஒரு கராஜிலிருந்து ஆள் கூட்டி வந்தேன். அவர் காஸ் சூட்டினால் எந்த இறுக்கமும் விடும் என்று உறுதியாகச் சொல்லி, அச்சின் இரு முனைகளையும் செந்நிறமாகும் வரை சூடாக்கினார். முதலில் பெயின்ற் கருகியது, பிறகு பெயாரிங்கிலிருந்த கிறீஸ் உருகி வழிந்து புகைந்தது, சனிக்கிழமை நான் தாராளமாக அடித்திருந்த ஸ்பிறே ஒரு நீலச் சுவாலையாகப் பற்றி அடங்கியது. பெற்றோல் தாங்கி அதற்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. ஒரு வாளி மண்ணோடு நான் நின்றிருந்தேன் என்றாலும், அந்தக் கணத்தில் கை நடுங்கியதை மறைக்க முடியவில்லை. 1,500 ரூபா வாங்கிக்கொண்டு, "இது வராது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சூடு ஏன் உதவவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அச்சும் உருக்கு, அதைப் பிடித்திருந்த பெயாரிங் வளையமும் உருக்கு. உள்ளே இருக்கும் தண்டைச் சூடாக்கினால் அதுவும் விரியும், இறுக்கம் கூடுமே தவிரக் குறையாது. அத்தோடு பெயாரிங்கின் இறப்பர் மூடிகள் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. யாராவது காஸ் சூட்டுக்கு ஆயத்தமானால், தாங்கியைக் கழற்றி அப்பால் வைத்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். பிறேக் கழுவும் ஸ்பிறே பட்ட இடத்தைச் சூடாக்கவே விடாதீர்கள், குளோரீன் கலந்த வகைகள் சுவாலை பட்டால் மூச்சை நிறுத்தக்கூடிய நச்சு வாயுவாக மாறும்.

செவ்வாய்க்கிழமைதான் லேத் பட்டறை வைத்திருக்கும் ஐயா ஒருவரைப் பற்றி அயலவர் சொன்னார். அறுபது வயதைக் கடந்தவர், பட்டறையின் வாசலில் பழைய நீரிறைக்கும் இயந்திரங்கள் வரிசையாகக் கிடந்தன. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து, விரிந்திருந்த அச்சு முனையைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உதை ஆர் தம்பி அடிச்சது?" என்று கேட்டார். ரயர் கடைக்காரரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "பாதி நான்தான் ஐயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு ஸ்பனரை எடுத்து, அச்சின் தலையில் வைத்து, தள்ளாமல், அடிக்காமல், மெதுவாகத் திருப்பினார். அச்சு திரும்பியது! நான்கு நாட்களாக நான் ஒரு தடவைகூடச் செய்து பார்க்காத காரியம் அது.

"இப்ப சில்லைச் சுத்து" என்றார். சுற்றினேன். சில்லோடு சேர்ந்து அச்சின் தலையும் சுழன்றது. அச்சைத் திருப்பும்போது அது கவைக்குள் திரும்புகிறது என்றால், கவையில் இறுக்கம் இல்லை என்று பொருள். சூடும் சம்மட்டியும் கவையிலிருந்த இறுக்கத்தை விடுவித்திருக்கலாம், அல்லது அங்கே தொடக்கத்திலிருந்தே இறுகாமல் இருந்திருக்கலாம். சில்லோடு அச்சும் சேர்ந்து சுழல்வதென்றால் அது பெயாரிங்கின் உள் வளையத்தோடு ஒட்டியிருக்கிறது, உருண்டைகளும் பழுதாகிவிட்டன. மாறாக, ஸ்பனருக்கு அச்சு ஒரு துளியும் திரும்பாவிட்டால், இறுக்கம் கவையிலோ பிறேக் தட்டிலோ இருக்க வாய்ப்பு அதிகம், அப்படியென்றால் வெளியிலிருந்து விடும் எண்ணெய் அந்த இடத்தை எட்டும், திருப்பித் திருப்பி ஆட்டுவதும் பலன் தரும். பெயாரிங்குக்குள் ஒட்டியிருந்தால் எவ்வளவு திருப்பினாலும் பெயாரிங்தான் சுழலும், கறள் உடையாது. நேராக அழுத்தித் தள்ளும் பலம் மட்டுமே அங்கே வேலை செய்யும். எங்கே இறுகியிருக்கிறது என்று தெரியாமல் தொடங்கும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்தான்.

ஐயா வேலை செய்துகொண்டே கதைத்தார். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியபோது, உதிரிப்பாகம் என்று ஒன்றும் வராது. "அப்ப புது அச்சுக்கு எங்க போறது? அதால ஒருத்தரும் அடிக்கமாட்டம். வண்டியைச் சரிச்சுப் போட்டு, டீசலை ஊறவிட்டிட்டு, நாலு நாள் வேற வேலை பாப்பம்" என்றார். இப்போது கடையில் பாகம் கிடைக்கிறது என்ற தைரியத்தில்தான் எல்லோரும் சம்மட்டியைத் தூக்குகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. எனக்கு அது சுருக்கென்று பட்டது. எனது அச்சைப் பொறுத்தவரை அவர் ஊறவைக்கச் சொல்லவில்லை. முனை விரிந்து, தட்டு வெடித்து, பெயாரிங் செத்த பிறகு அச்சைக் காப்பாற்றி என்ன பயன், அறுத்துவிடலாம் என்றார்.

அறுப்பது நான் நினைத்ததுபோல இலகுவானதாக இருக்கவில்லை. கிறைண்டரின் தட்டு அந்த இடுக்கில் நுழையவில்லை. நுழைந்தாலும் கவையையும் வெட்டிவிடும். ஆகவே இரும்பறுக்கும் வாளின் பிளேட்டை அதன் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் பக்க வளையத்தோடு சேர்த்தும், மறுபக்கத்தில் வெடித்த பிறேக் தட்டுக்கும் கவைக்கும் இடையிலும் வெறுங்கையால் அறுத்தோம். கவையின் உட்புறம் கீறுப்படாமல் இருக்க ஒரு தகரத் துண்டை இடையில் செருகினார். பிளேட்டின் பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும், இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும், அடிக்கடி ஒரு சொட்டு ஒயில் விட வேண்டும். இவ்வளவும் சொல்லித் தந்தும் நான் இரண்டு பிளேட்டுகளை முறித்தேன். மொத்தம் நான்கு பிளேட்டுகள், பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இரண்டாவது பக்கம் அறுந்ததும் சில்லு தானாகவே என் மடியில் சரிந்து விழுந்தது. நான்கு நாட்களுக்குப் பிறகு அந்தச் சில்லு வண்டியை விட்டு வெளியே வந்ததைப் பார்த்தபோது, கண் கலங்கியதாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பிறகு குடத்தை, பெயாரிங் இருக்கும் துளையை ஒட்டிய உறுதியான விளிம்பில் நன்றாக முட்டுக் கொடுத்து, ஹைட்ரோலிக் பிறெஸ்ஸில் வைத்து அச்சுத் துண்டை அழுத்தினார். கைப்பிடியை ஐந்தாறு தடவை அசைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த அசைவில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது, நாங்கள் இருவருமே பின்வாங்கினோம். அதற்குப் பிறகு அச்சு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. கீழே விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். இரு முனைகளும் பளபளப்பாகவே இருந்தன. பெயாரிங் இருந்த இரண்டு இடங்களில் கருஞ்சிவப்பு வளையம். இடைக்குழாய்க்குள் இருந்த நடுப்பகுதி பாலை மரத்துப் பட்டைபோல அடுக்கடுக்காக உரிந்து, தட்டியதும் செங்கல் தூள்போல உள்ளங்கையில் கொட்டியது. அந்தத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்த ஐயா, "உப்பு" என்றார்.

செலவைக் கணக்குப் பார்த்தேன். ஏற்றி இறக்கிய கூலி 2,000, ஸ்பிறே 1,800, சூடாக்கிய கூலி 1,500, பிளேட்டுகள் 1,000, அறுத்து அழுத்தி எடுத்த கூலி 4,500, புது அச்சும் நட்டும் 1,900, இரண்டு பெயாரிங்குகள் 1,500, கறள் தின்ற இடைக்குழாய்க்குப் பதிலாக லேத்தில் கடைந்த புதுக் குழாயும் பக்க வளையமும் 1,200, பிறேக் தட்டு 4,800, பிறேக் சூ 1,400, இதற்கெல்லாம் தொடக்கமான ரியூப் 1,300. இவற்றில் பிறேக் தட்டு, சூ, ஸ்பிறே, சூடாக்கிய கூலி ஆகிய 9,500 ரூபாவும் முழுக்க முழுக்க எனது அவசரத்துக்குக் கொடுத்த விலை. கவையின் விரிவை ஐயா காசு வாங்காமல் அழுத்திச் சரிப்படுத்தித் தந்தார். பெயாரிங் வாங்கப் போகிறவர்கள் பழைய பெயாரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. என்னுடையது 6301, அதாவது உள் விட்டம் 12, வெளி விட்டம் 37, அகலம் 12 மில்லிமீற்றர். அந்த எண் எந்த நிறுவனத்தின் பெயாரிங்குக்கும் ஒன்றுதான், ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லித் தேடி அலையத் தேவையில்லை.

திரும்பப் பூட்டும்போது நான் கற்றுக்கொண்ட ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடைக்குழாய் கறள் பிடித்துக் குட்டையாகிவிட்டால் அதையே திரும்பப் போடக்கூடாது, போடாமல் விடவும் கூடாது. நட்டை இறுக்கும்போது வரும் அழுத்தம் பக்க வளையம், உள் வளையம், இடைக்குழாய், மறு உள் வளையம் என்று நேர்கோட்டில் போக வேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் அந்த அழுத்தம் உருண்டைகளின் மேல் பக்கவாட்டில் விழுந்து, புதுப் பெயாரிங் சில மாதங்களிலேயே இரைச்சலிடத் தொடங்கும். புதுப் பெயாரிங்கைக் குடத்தில் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும், உள் வளையத்தில் விழும் ஒரே அடி போதும் அதைக் கெடுக்க. அச்சு முழுவதிலும், குழாயின் உள்ளேயும், வளையங்களிலும் மெல்லிய படையாகக் கிறீஸ் பூசினோம். பிறேக் தட்டுப் பக்கத்தில் வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தோம். செயின் இழுவையைச் சரிபார்த்து, இரு பக்க அடையாளக் கோடுகளும் ஒத்திருப்பதைப் பார்த்த பிறகே நட்டை இறுக்கி, பிறேக் தட்டைத் தாங்கும் கம்பியின் ஊசியைப் புதிதாகப் போட்டோம். அந்தக் கம்பியை மறந்தால், முதல் பிறேக்கிலேயே தட்டு சுழன்று சில்லு பூட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை பின்னேரம் வண்டி ஓடியது. வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து வந்ததும், முன் சில்லின் நட்டைக் கழற்றி, அச்சின் தலையில் ஸ்பனரை வைத்துப் பார்த்தேன். திரும்பவில்லை. அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது, ஆனால் இந்த முறை சுத்தியல் இருக்கும் பெட்டியைத் திறக்கவில்லை. ஸ்பனருக்கு ஒரு துளியும் அசையவில்லை என்றால் இறுக்கம் வெளிப்புறத்தில். உற்றுப் பார்த்தபோது முன் கவையின் அலுமினியக் காலில், அச்சு நுழையும் விளிம்பைச் சுற்றி வெள்ளை மாவுபோலப் படிந்திருந்தது. இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றாக நனைந்தால் அலுமினியம் அப்படித்தான் அரிபடும். தாங்கியில் இருந்த பெற்றோலை வடித்து, பற்றரியைக் கழற்றி, வண்டியைச் சாக்கின் மேல் சரித்துப் படுக்கவைத்து, அச்சைச் சுற்றிப் பஞ்சால் ஒரு சிறு அணை கட்டி, ஊசி ஏற்றும் சிறிஞ்சால் துளித் துளியாக டீசல் விட்டேன். வெள்ளிக்கிழமை இரவு மறுபக்கம் திருப்பிப் போட்டு அதையே செய்தேன். டீசல் பிறேக் பக்கம் இறங்கலாம் என்பதால், ட்ரம்மைப் பிறகு கழுவி, சூக்களை உப்புக் கடதாசியால் உரசுவதென்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வண்டியை நிமிர்த்தி, முனையில் நட்டை ஏற்றிப் புரிக்குக் காவல் வைத்துவிட்டு, ஸ்பனரைப் போட்டேன். அசையவில்லை. அலுமினியம் உருக்கைவிட இரண்டு மடங்கு விரியும் என்று ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கே வெளியே இருப்பது அலுமினியம், உள்ளே இருப்பது உருக்கு. காஸ் தேவையில்லை, கொதிநீரே போதும். அடுப்பில் அம்மா தேநீருக்கு வைத்திருந்த கேத்திலைத் தூக்கி வந்து, கவைக்காலின் அடியில், அச்சின் தலையில் படாமல், மெதுவாகச் சுற்றி ஊற்றினேன். ஸ்பனரைத் திருப்பினேன். அரிசி அரைபடுவதுபோல ஒரு சிறு நறநறப்பு, பிறகு ஒரு நூலளவு அசைவு. முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு துளி டீசல், திரும்ப ஆட்டி, இன்னும் அரைக் கேத்தில். அச்சு முழு வட்டமும் சுழலத் தொடங்கியதும் நட்டைக் கழற்றிவிட்டு, மரக்கட்டையை வைத்து உள்ளங்கையால் தட்டினேன். மறுபக்கத்தில் தலை வெளியே வந்தது. இரண்டு விரல்களால் பிடித்து இழுத்தேன், வெள்ளை மாவும் டீசலும் கலந்த சேறு பூசியபடி அச்சு முழுவதும் கையோடு வந்தது. செலவு அரை லீற்றர் டீசல். "தேத்தண்ணிக்கு வைச்ச சுடுதண்ணி எங்கையடா?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தா.